கருணை மனு: ஜனாதிபதிக்கு எழுதினால் அண்ணன் வெளியே வருவாரா?

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் சித்தி மகன், எனக்கு அண்ணன் முறை, கொலை வழக்கில் ஆயுள் கைதி. 2009இல் உள்ளே போனார். 2011இல் செஷன்ஸ் கோர்ட் தீர்ப்பு. ஐகோர்ட் அதை உறுதி செய்துவிட்டது. சுப்ரீம் கோர்ட் வரை போக எங்களுக்கு வசதியில்லை. வரப்புத் தகராறில் கோபத்தில் வெட்டிவிட்டார். அவர் செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. செய்தார். செத்துப்போனவரின் வீடு எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது.

போன மாதம் ஒருவர் சித்தியைத் தேடி வந்திருக்கிறார். “ஜனாதிபதிக்குக் கருணை மனு போட்டால் மூன்றே மாதத்தில் விடுதலை, டெல்லியில் எனக்கு ஆள் இருக்கிறது, 60,000 ரூபாய் ஆகும்” என்றாராம். சித்திக்கு 71 வயது. கறவை மாட்டை விற்றுக் கொடுத்துவிடத் தயாராகிவிட்டார். ஒரு வாரம் பொறுங்கள், விசாரித்துச் சொல்கிறேன் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன். இந்தக் கருணை மனு என்பது என்ன, யார் எழுத வேண்டும், யாரிடம் போகும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கறுப்பு அங்கி எழுதியது:

தம்பி, முதலில் மாட்டை விற்க வேண்டாம் என்று சித்தியிடம் இன்றே சொல்லிவிடுங்கள். கருணை மனுவுக்குக் கட்டணம் கிடையாது. ஸ்டாம்ப் ஒட்ட வேண்டியதில்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. டெல்லியில் ஆள் இருக்கிறது என்று பணம் கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது, நீங்கள் தட்ட வேண்டிய கதவு ஜனாதிபதியுடையது அல்ல. அரசமைப்பின் 72ஆம் பிரிவு குடியரசுத் தலைவருக்கு மூன்று வகை வழக்குகளில் அதிகாரம் தருகிறது: ராணுவ நீதிமன்றம் தந்த தண்டனை, மத்திய அரசின் அதிகாரத்துக்கு உட்பட்ட சட்டங்களின்படியான குற்றம், அப்புறம் எந்த வழக்காக இருந்தாலும் மரண தண்டனை. உங்கள் அண்ணன் வழக்கு இதில் எதிலும் வராது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 302, அதாவது கொலை, மாநில போலீஸ் விசாரித்தது, ஆயுள் தண்டனை. அது 161ஆம் பிரிவின்கீழ் ஆளுநரிடம், அதாவது நடைமுறையில் மாநில அரசிடம் போக வேண்டிய விஷயம். டெல்லிக்கு எழுதினாலும் சுற்றிக்கொண்டு சென்னைக்கே வந்து சேரும். நடுவில் உங்களுக்குக் காலம்தான் வீணாகும்.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். 14 வருஷம் முடிந்த ஆயுள் கைதிக்கு உண்மையில் உதவப் போவது பெரும்பாலும் ‘மன்னிப்பு’ இல்லை, முன்விடுதலை, அதாவது தண்டனைக் காலம் முடியும் முன்பே அரசு வெளியே விடுவது. இரண்டும் வேறு. நாளை மாலை விரிவாக எழுதுகிறேன்.

செய்தி வாசிப்பவன் எழுதியது:

இடையில் ஒரு சந்தேகம். அமெரிக்காவில் பைடன் தன் மகனுக்கு மன்னிப்புக் கொடுத்தார், டிரம்ப் பதவியேற்ற நாளிலேயே நாடாளுமன்றக் கலவர வழக்கில் சுமார் 1,500 பேருக்குக் கொடுத்தார். அங்கே ஒரு கையெழுத்தில் முடிகிறது. இங்கே ஏன் வருஷக்கணக்கில் ஆகிறது? நம் குடியரசுத் தலைவரால் அப்படிச் செய்ய முடியாதா?

மூன்றாமாண்டு மாணவி எழுதியது:

முடியாது. அங்கே அந்த அதிகாரம் அதிபரின் சொந்த அதிகாரம். குற்றச்சாட்டுப் பதிவாகும் முன்பே கூட மன்னிக்கலாம். 1974இல் ஃபோர்டு நிக்ஸனுக்கு அப்படித்தான் கொடுத்தார். நம்முடைய 72ஆம் பிரிவு ‘குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டவர்’ பற்றி மட்டுமே பேசுகிறது. தீர்ப்புக்கு முன்னால் பேச்சே இல்லை.

அதைவிட முக்கியம், மனுவில் கையெழுத்துப் போடுவது குடியரசுத் தலைவர் என்றாலும் முடிவு மத்திய அமைச்சரவையுடையது. ஆளுநர் என்றால் மாநில அமைச்சரவையுடையது. 1980இல் மாரு ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அமைச்சரவையின் ஆலோசனை பிடிக்காவிட்டால் குடியரசுத் தலைவர் ஒரு முறை திருப்பி அனுப்பலாம். மறுபடி அதே ஆலோசனை வந்தால் ஏற்க வேண்டியதுதான்.

ஆனால் குடியரசுத் தலைவரோ ஆளுநரோ எத்தனை நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று எங்கேயும் எழுதவில்லை. அந்த ஓட்டைதான் எல்லாத் துயரத்துக்கும் காரணம் என்பது என் கருத்து.

பழைய வார்டர் எழுதியது:

நான் சிறைத்துறையில் வார்டராக முப்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எந்தச் சிறை என்று சொல்ல விரும்பவில்லை. தூக்குக் கைதிகள் இருந்த பிளாக்கிலும் டியூட்டி பார்த்திருக்கிறேன்.

வெளியே இருப்பவர்கள் கருணை மனு என்றால் ராஜா காலத்தில் ஆராய்ச்சி மணியை அடிப்பது மாதிரி நினைக்கிறார்கள். உள்ளே இருந்து பார்த்தால் அது ஒரு ஃபைல். அந்த ஃபைல் எப்படிக் கிளம்புகிறது என்பதைச் சொல்கிறேன்.

சுப்ரீம் கோர்ட்டில் அப்பீல் தள்ளுபடி என்று தாக்கீது வந்ததும், சூப்பிரண்டு கைதியை வரவழைத்துப் படித்துக் காட்டுவார். கருணை மனு போடும் உரிமை உனக்கு இருக்கிறது, இத்தனை நாளுக்குள் போட வேண்டும் என்று சொல்லிக் கையெழுத்து வாங்குவார்கள். எங்கள் காலத்தில் ஏழு நாள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்தான் அதிகம். இன்னொரு கைதி எழுதித் தருவார், இவர் கைரேகை வைப்பார். “நான் ஏழை, எனக்குக் குழந்தைகள் இருக்கிறார்கள், கருணை காட்டுங்கள்” என்று ஒரு பக்கம். அவ்வளவுதான். வழக்கில் என்ன நடந்தது, கோர்ட்டில் எது சொல்லப்படவில்லை, உடம்புக்கு என்ன, மனசுக்கு என்ன, எதுவும் இருக்காது. அந்த ஒரு பக்கத்தை வைத்துத்தான் டெல்லியில் ஒருவர் உயிரைப் பற்றி யோசிக்கப் போகிறார்கள். எனக்கு அது அப்போதும் உறுத்தியது, இப்போதும் உறுத்துகிறது.

மனுவோடு தீர்ப்பு நகல்கள், கைதியின் சிறைப் பதிவேடான ஹிஸ்டரி டிக்கெட், மருத்துவ அறிக்கை, நடத்தை பற்றிய குறிப்பு எல்லாம் சேர்த்து மாநில உள்துறைக்குப் போகும். முதலில் ஆளுநர். அவர் நிராகரித்தால் மத்திய உள்துறை அமைச்சகம். அங்கே மாநிலத்தின் கருத்தைக் கேட்பார்கள், நோட்டு போடுவார்கள், உள்துறை அமைச்சர் பரிந்துரை எழுதுவார், அப்புறம்தான் குடியரசுத் தலைவர் மாளிகை.

அதற்குப் பிறகு காத்திருப்பு. பகலில் நன்றாகப் பேசுவார்கள். விடியற்காலை நாலு மணிக்குப் பூட்டுச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். வழக்கமான ரவுண்டு தான் என்று தெரிந்தும் எழுந்து உட்காருவார்கள். இதற்கு மேல் நான் எழுதவில்லை.

கறுப்பு அங்கி எழுதியது:

ஐயா சொன்னதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. நன்றி ஐயா.

இந்தக் காத்திருப்பே தண்டனை என்பதை உச்ச நீதிமன்றம் ஒத்துக்கொள்ள முப்பது வருஷம் ஆனது. 1983இல் நம் தமிழ்நாட்டு வழக்கு, வைத்தீஸ்வரன் வழக்கு. தூக்கு விதித்து இரண்டு வருஷத்துக்கு மேல் நிறைவேற்றாவிட்டால் ஆயுளாக மாற்றிவிட வேண்டும் என்றார்கள். 1989இல் திரிவேணிபென் வழக்கில், அப்படி ஒரு கணக்கு வைக்க முடியாது, ஆனால் தாமதத்தைப் பரிசீலிக்கலாம் என்று மாற்றினார்கள். அப்புறம் 2014 ஜனவரி 21, சத்ருகன் சவுகான் வழக்கு. ஒரே தீர்ப்பில் 15 பேருக்குத் தூக்கு ரத்து. காரணமில்லாத தாமதம் சித்திரவதைக்குச் சமம் என்றார்கள்.

அந்த 15 பேரில் வீரப்பன் கூட்டாளிகள் என்று தண்டிக்கப்பட்ட நால்வரும் உண்டு. 1993 பாலாறு கண்ணிவெடி வழக்கு. மைசூருவில் இருந்த, பயங்கரவாத வழக்குகளுக்கான தடா நீதிமன்றம் அவர்களுக்கு ஆயுள்தான் கொடுத்தது. அப்பீல் போனபோது 2004இல் உச்ச நீதிமன்றமே அதைத் தூக்காக உயர்த்திவிட்டது. கருணை மனு ஒன்பது வருஷம் கிடந்து 2013 பிப்ரவரியில் நிராகரிப்பு. மறு வருஷம் அதே நீதிமன்றம் தாமதத்தைக் காட்டி ஆயுளாக்கியது.

2014 தீர்ப்பு சில விதிகளையும் வகுத்தது. நிராகரிப்பை எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அதற்குப் பிறகு 14 நாள் இடைவெளி விட்டுத்தான் நிறைவேற்றலாம், கடைசியாகக் குடும்பத்தைப் பார்க்க விட வேண்டும், இலவச சட்ட உதவி எல்லாக் கட்டத்திலும் உண்டு. இவை ஏன் தேவைப்பட்டன என்றால், அதற்கு முந்தைய வருஷம் நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் தண்டிக்கப்பட்ட அப்சல் குருவைத் தூக்கில் போட்டு இரண்டு நாள் கழித்துத்தான் நிராகரிப்புக் கடிதம் ஸ்பீடு போஸ்டில் அவர் மனைவி கைக்கு வந்தது. அவர் செய்ததாகச் சொல்லப்பட்ட குற்றம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஓர் அரசு அப்படி நடந்துகொள்ளக் கூடாது என்று நான் அப்போதே எழுதினேன்.

மேலூர்ப் பக்கம் எழுதியது:

நான் மறுபக்கத்திலிருந்து பேசுகிறேன். கோபப்படாமல் கேளுங்கள்.

1997 ஜூன் 30 அன்று மேலவளவில் ஊராட்சி மன்றத் தலைவர் முருகேசனையும் ஐந்து பேரையும் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். தனித் தொகுதியில் தேர்தலில் ஜெயித்தது தவிர அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. 17 பேருக்கு ஆயுள் தண்டனை. 2008இல் அண்ணா நூற்றாண்டை ஒட்டி மூன்று பேர் வெளியே வந்தார்கள். 2019 நவம்பரில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டு என்று சொல்லி 13 பேர். கொன்றவர்களை நன்னடத்தை என்று அனுப்புகிறபோது, செத்தவர் வீட்டில் போய் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? சாதி காரணமாகக் கூட்டமாகச் சேர்ந்து செய்த கொலையும், வரப்புச் சண்டையில் ஒருவர் கோபத்தில் செய்த கொலையும் ஒரே பட்டியலில் எப்படி வரும்?

கருணை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யாருக்குக் கருணை என்று முடிவெடுப்பவர்கள் யார் பேச்சைக் கேட்கிறார்கள் என்றுதான் கேட்கிறேன்.

வைகைக்கரை எழுதியது:

ஐயா, கோபமே இல்லை. நீங்கள் கேட்டது நியாயம். இரண்டு தெரு தள்ளி இருக்கும் அந்த வீட்டைப் பற்றி நான் முதல் பதிவில் எழுதியது அதனால்தான். அந்த அம்மாவைத் தேர்த்திருவிழாவில் பார்த்தால் இன்னும் என்னால் நிமிர்ந்து பார்க்க முடியாது.

கறுப்பு அங்கி எழுதியது:

மேலூர்ப் பக்கம் சொல்வது சட்டத்திலும் பலவீனமான இடம். 2006இல் ஏபூரு சுதாகர் வழக்கு என்று ஒன்று. ஆந்திரத்தில் கொலைக் கைதி ஒருவருக்கு ஆளுநர் தண்டனையைக் குறைத்தார். அவர் ஒரு கட்சியின் நல்ல தொண்டர் என்பது அறிக்கையிலேயே இருந்தது. கொல்லப்பட்டவரின் மகன் வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. சாதி, மதம், கட்சி பார்த்துக் கருணை காட்டினால் அது செல்லாது, தேவையான விவரத்தை மறைத்தாலும் செல்லாது, யோசிக்காமல் கையெழுத்துப் போட்டாலும் செல்லாது என்றார்கள். பாதிக்கப்பட்டவர் நீதிமன்றம் போக முடியும் என்பதற்கு அது நல்ல முன்னுதாரணம். 2002 குஜராத் கலவரத்தில் கூட்டு வன்புணர்வும் கொலைகளும் நடந்த பில்கிஸ் பானு வழக்கிலும் அப்படித்தான். 2022 ஆகஸ்ட் 15இல் வெளியே விட்ட 11 பேரை 2024 ஜனவரியில் மறுபடி சிறைக்கு அனுப்பினார்கள். வழக்கு மகாராஷ்டிரத்தில் நடந்தது, விடுதலை செய்ய குஜராத் அரசுக்கு அதிகாரமே இல்லை என்பது முக்கியக் காரணம்.

ஆனால் பாதிக்கப்பட்ட குடும்பத்தை முன்கூட்டியே கேட்க வேண்டும் என்ற கட்டாயம் இன்றும் தெளிவாக இல்லை. இருக்க வேண்டும் என்பதில் நான் உங்களோடு நிற்கிறேன்.

பனங்கூடல் எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். உங்கட நாட்டில தாமதம் பிரச்சினை. எங்கட நாட்டில வேகம்தான் பிரச்சினையாக இருந்திருக்கிறது.

2000ஆம் ஆண்டு டிசம்பரில் மிருசுவிலில் தங்கள் வீடுவளவைப் பார்க்கப் போன எட்டுப் பேரை இராணுவத்தினர் கொன்று புதைத்தார்கள். அதில் ஐந்து வயதுப் பிள்ளையும் ஒன்று. ஒருவர் தப்பி வந்ததால்தான் விசயம் வெளியே தெரிந்தது. 15 வருசம் வழக்கு நடந்து 2015இல் ஓர் இராணுவச் சிப்பாய்க்கு மட்டும் மரண தண்டனை கிடைத்தது. உயர் நீதிமன்றமும் (உங்கட உச்ச நீதிமன்றம் மாதிரி, எங்கட நாட்டின் மேலான நீதிமன்றம்) அதை உறுதி செய்தது. 2020 மார்ச் 26, கொரோனா ஊரடங்கு நேரம், அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய அவருக்குப் பொதுமன்னிப்புக் கொடுத்து வெளியில் விட்டார். சனம் வீட்டுக்குள்ள அடைபட்டிருந்த நேரம்.

இத்தனைக்கும் எங்கட அரசியலமைப்பின் 34ஆவது உறுப்புரையில் நடைமுறை எழுதித்தான் இருக்கிறது. மரண தண்டனைக் கைதி என்றால் விசாரித்த நீதிபதியிடம் அறிக்கை பெற வேண்டும், அது அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான சட்டமா அதிபரிடம் போய் அவருடைய ஆலோசனையோடு நீதி அமைச்சருக்குப் போக வேண்டும், அமைச்சர் தன் பரிந்துரையோடு ஜனாதிபதிக்கு அனுப்ப வேண்டும். காகிதத்தில் இந்தியாவை விடத் தெளிவு. ஆனால் அதை மதித்தால்தானே.

ஒரு மாற்றம் வந்திருக்கிறது. கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வாவுக்கு 2021இல் கொடுத்த மன்னிப்பை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் செல்லாது என்றது. அதே வருசம் ஜூனில் ரோயல் பார்க் கொலை வழக்குக் கைதிக்கு முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால கொடுத்த மன்னிப்பும் இரத்து. ஜனாதிபதி காரணம் சொல்லாமல் கையெழுத்து வைக்க முடியாது என்ற நிலை வந்தது பெரிய விசயம். மிருசுவில் சனத்துக்கு அந்த நியாயம் எப்போது வருமென்று நாங்கள் பார்த்துக்கொண்டு இருக்கிறோம்.

பழைய வார்டர் எழுதியது:

ஐந்து வயதுப் பிள்ளை. என்ன சொல்வது.

மூன்றாமாண்டு மாணவி எழுதியது:

ராஜீவ் காந்தி கொலையில் தண்டிக்கப்பட்ட பேரறிவாளன் வழக்கைச் சொல்லாமல் இந்த இழை முழுமையாகாது. கருணை மனுவின் எல்லாக் கட்டமும் அந்த ஒரு வழக்கில் இருக்கிறது. எங்கள் வகுப்பில் அதை வைத்துத்தான் 72, 161 இரண்டையும் படித்தோம். என்னால் முடிந்தவரை வரிசையாகச் சொல்கிறேன்.

1991 ஜூன் 11இல் கைதாகும்போது வயது 19. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் நால்வருக்குத் தூக்கை உறுதி செய்தது. அக்டோபரில் ஆளுநர் பாத்திமா பீவி கருணை மனுக்களை நிராகரித்தார். அமைச்சரவையைக் கேட்காமல் தானாக நிராகரித்தார் என்பதால் நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அப்புறம் 2000 ஏப்ரலில் அமைச்சரவை பரிந்துரைப்படி நளினிக்கு மட்டும் ஆயுளாகக் குறைப்பு. மற்ற மூவரின் மனு குடியரசுத் தலைவருக்குப் போனது.

போய் டெல்லியில் 11 வருஷம் கிடந்தது. நாராயணன், கலாம் என்று இருவர் காலமும் கடந்து 2011 ஆகஸ்ட்டில் பிரதிபா பாட்டீல் காலத்தில் நிராகரிப்பு வந்தது. செப்டம்பர் 9 தூக்கு என்று தேதியும் குறித்துவிட்டார்கள். காஞ்சிபுரத்தில் செங்கொடி தீக்குளித்தார். சட்டமன்றம் தீர்மானம் போட்டது. உயர் நீதிமன்றம் தடை கொடுத்தது. 2014 பிப்ரவரி 18இல் தாமதத்தைக் காரணம் காட்டி உச்ச நீதிமன்றம் மூவரின் தூக்கையும் ஆயுளாக்கியது.

அதோடு முடிந்ததா? மறுநாளே மாநில அரசு அந்த வழக்கின் ஆயுள் கைதிகள் ஏழு பேரையும் விடுவிப்பதாக அறிவித்தது, உடனே தடை. சி.பி.ஐ. விசாரித்த வழக்கு என்பதால் மத்திய அரசு சம்மதிக்காமல் மாநில அரசு சாதாரணச் சட்டத்தின்கீழ் விடுவிக்க முடியாது என்று 2015 டிசம்பரில் அரசியல் சாசன அமர்வு சொன்னது. அப்போது மிஞ்சியது 161 மட்டும். 2018 செப்டம்பர் 9இல் அமைச்சரவை விடுதலைக்குப் பரிந்துரைத்தது. ஆளுநர் இரண்டு வருஷத்துக்கு மேல் எந்த முடிவும் எடுக்காமல் வைத்திருந்துவிட்டு, 2021இல் ‘இது குடியரசுத் தலைவர் முடிவெடுக்க வேண்டியது’ என்று அனுப்பிவிட்டார். 2022 மே 18இல் உச்ச நீதிமன்றம், அப்படி அனுப்புவதற்கு அரசமைப்பில் இடமில்லை, அமைச்சரவை முடிவு ஆளுநரைக் கட்டுப்படுத்தும் என்று சொல்லி, முழு நீதி வழங்கத் தனக்குள்ள சிறப்பு அதிகாரமான 142ஆம் பிரிவைப் பயன்படுத்தித் தானே விடுதலை செய்தது. மற்ற ஆறு பேரையும் விடுவிக்க அதே வருஷம் நவம்பர் 11இல் உத்தரவு வந்தது.

என் மனதை விட்டுப் போகாத விஷயம் இன்னொன்று. பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி ஓய்வுக்குப் பிறகு 2013இல், குண்டில் பயன்பட்டதாகச் சொல்லப்பட்ட, தான் வாங்கிக் கொடுத்த பேட்டரி எதற்கென்று தனக்குத் தெரியாது என்று அவர் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டதாக வெளிப்படையாகச் சொன்னார். தீர்ப்புக்கு 14 வருஷம் கழித்து. கருணை மனு என்ற ஒன்று இல்லாமல், தீர்ப்பு வந்த உடனே தூக்கு என்று இருந்திருந்தால் அந்த உண்மை யாரைக் காப்பாற்றியிருக்கும்? கருணை அதிகாரம் தயவு மட்டுமே இல்லை, நீதிமன்றம் தவறினால் பிடித்துக்கொள்ளும் கடைசிக் கயிறு. இந்திரா காந்தி கொலையில் தண்டிக்கப்பட்ட கேஹர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமே குடியரசுத் தலைவர் சாட்சியங்களை மறுபடி தாமாகவே எடைபோடலாம் என்று சொல்லியிருக்கிறது.

மேலூர்ப் பக்கம் எழுதியது:

தங்கச்சி, நன்றாக எழுதியிருக்கிறாய். ஆனால் அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவோடு செத்தவர்களில் காவலர்களும் சாதாரண ஜனங்களும் இருந்தார்கள். அவர்கள் பெயரையும் யாராவது எழுத வேண்டும். இது உன்னைக் குறை சொல்ல இல்லை.

மூன்றாமாண்டு மாணவி எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன் அண்ணா. அது என் பதிவில் இல்லாதது குறைதான்.

செய்தி வாசிப்பவன் எழுதியது:

புதுச் சட்டத்தில் கருணை மனுவுக்குக் கெடு வைத்திருக்கிறார்கள் என்று படித்தேனே?

கறுப்பு அங்கி எழுதியது:

ஆமாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 472ஆம் பிரிவு. மரண தண்டனைக்கு மட்டும்தான் இது. சூப்பிரண்டு தகவல் சொன்ன நாளிலிருந்து 30 நாளுக்குள் கைதியோ வாரிசோ உறவினரோ மனு போட வேண்டும். முதலில் ஆளுநர். அவர் மறுத்தால் 60 நாளுக்குள் குடியரசுத் தலைவர். மாநிலத்தின் கருத்தும் சிறை ஆவணங்களும் கிடைத்த 60 நாளுக்குள் மத்திய அரசு பரிந்துரை அனுப்ப வேண்டும். முடிவு வந்தால் 48 மணி நேரத்துக்குள் சிறைக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரே வழக்கில் பலர் இருந்தால் எல்லோர் மனுவும் சேர்ந்தே முடிவாக வேண்டும். நிர்பயா வழக்கில் நால்வரும் ஒருவர் பின் ஒருவராக மனு போட்டுத் தேதி தள்ளிக்கொண்டே போனதன் விளைவு இது.

கவனித்துப் பாருங்கள். கைதிக்குக் கெடு, அவர் குடும்பத்துக்குக் கெடு, அமைச்சகத்துக்குக் கெடு. கடைசி மேஜையான குடியரசுத் தலைவருக்குக் கெடு இல்லை. பேரறிவாளன் மனு கிடந்த 11 வருஷத்தில் பாதி அந்த மேஜையில்தான் என்று யோசித்தால் இது எவ்வளவு பெரிய குறை என்று புரியும்.

இன்னொரு உட்பிரிவு, இந்த முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்று எந்த நீதிமன்றமும் விசாரிக்கக் கூடாது என்கிறது. என் பார்வையில் அது நிற்காது. உச்ச நீதிமன்றத்தையும் உயர் நீதிமன்றத்தையும் நேரே அணுக வழி தரும் 32, 226 பிரிவுகள் இரண்டும் அரசமைப்பு தந்த உரிமை. சாதாரணச் சட்டம் ஒன்று அந்தக் கதவை அடைக்க முடியாது.

சரி தம்பி வைகைக்கரை, இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். தாமதத்துக்கு மன்னியுங்கள்.

உங்கள் அண்ணன், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் கணக்கில், 433ஏ பிரிவுக் கைதி. அதாவது தூக்கு வரை போகக்கூடிய குற்றத்தில் ஆயுள் பெற்றவர், குறைந்தது 14 வருஷம் உண்மையாகவே உள்ளே இருந்தால்தான் சாதாரணச் சட்டப்படி முன்விடுதலைக்குத் தகுதி. சிறையில் வேலை செய்து சம்பாதித்த ரெமிஷன் (தண்டனைக் குறைப்பு) நாட்களை அந்த 14இல் கூட்ட மாட்டார்கள். விசாரணைக் கைதியாக இருந்த காலத்தைச் சேர்த்துக் கணக்கிடச் சொல்லுங்கள். லீவில் வீட்டுக்கு வந்த நாட்கள் உண்டென்றால் அதையும் தெளிவாகக் கேளுங்கள். முதல் வேலை, கணக்கை எழுத்தில் வாங்குவது. அண்ணன் சூப்பிரண்டுக்கு ஒரு மனு எழுதினால் போதும்.

முன்விடுதலைக் கொள்கை அடிக்கடி மாறும். 2010இல் ஜகதீஷ் வழக்கில், பொதுவாகத் தண்டனை விதிக்கப்பட்ட நாளில் இருந்த கொள்கையைப் பார்க்க வேண்டும், பிறகு வந்தது கைதிக்குச் சாதகமாக இருந்தால் அதையும் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். 2025 பிப்ரவரியில் வந்த உச்ச நீதிமன்ற உத்தரவு இன்னும் நல்லது. கொள்கை இருக்கும் மாநிலத்தில், தகுதி வந்த கைதி மனு போடாவிட்டாலும் அரசே பரிசீலிக்க வேண்டும். ஆனாலும் சும்மா இருக்காதீர்கள், மனு போடுங்கள். சிறை வழியாக ஒன்று, உள்துறைச் செயலாளருக்குப் பதிவுத் தபாலில் ஒன்று. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்டால் இலவசமாக வக்கீல் தருவார்கள். பதில் வராமல் இழுத்தால் ஐகோர்ட்டின் மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாம். முடிவெடுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடும்.

பழைய வார்டர் எழுதியது:

மனுவில் என்ன எழுத வேண்டும் என்று நான் சொல்கிறேன் தம்பி. ‘கருணை காட்டுங்கள்’ என்பதை ஒரே வரியில் முடித்துவிடுங்கள். உள்ளே என்ன படித்தார், என்ன தொழில் கற்றார், எத்தனை முறை லீவில் வந்து நேரத்துக்குத் திரும்பினார், அதைத் தேதியோடு எழுதுங்கள். லீவு முடிந்து சரியாகத் திரும்பியது ஃபைலில் பெரிய பலம். சித்தியின் வயது, வைத்தியச் சீட்டு, வந்தால் எங்கே தங்குவார், என்ன வேலை செய்வார், யார் பொறுப்பு. செய்ததை ஒத்துக்கொண்டு எழுதுங்கள். பொய்யாக நிரபராதி என்று எழுதினால் படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும், ஏனென்றால் பக்கத்திலேயே தீர்ப்பு நகல் இருக்கும்.

நன்னடத்தை அலுவலரும் போலீஸும் ஊரில் வந்து விசாரிப்பார்கள். அறிக்கை பாதகமாகப் போவது பெரும்பாலும் அங்கேதான். உங்கள் அண்ணன் வெளியே வந்தால் எதிர்த்தரப்புக்கு ஆபத்து வருமா என்று கேட்பார்கள்.

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் பதில் எழுதப் பத்து நாள் ஆகிவிட்டது. மன்னியுங்கள்.

அந்தத் தரகர் மறுபடி வந்தார். சித்தியே, ‘மனுவுக்குக் காசு இல்லையாம், போய்ட்டு வாங்க’ என்று சொல்லிவிட்டார். மாடு கொட்டிலில் இருக்கிறது.

போன திங்கள்கிழமை சிறையில் அண்ணனைப் பார்க்க, அதாவது மனு பார்க்கப் போனேன். அண்ணனிடம் நீங்கள் சொன்னதையெல்லாம் கம்பி வலைக்கு இந்தப் பக்கத்திலிருந்து கத்திக் கத்திச் சொன்னேன். அவர் ஐந்து முறை லீவில் வந்து ஐந்து முறையும் சரியான நாளில் திரும்பியிருக்கிறார். அதை எழுத வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ‘அது கடமைதானே, அதை எதுக்கு எழுத?’ என்கிறார். நாள் கணக்கு கேட்டு சூப்பிரண்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் எங்களுக்கு ஒரு வக்கீல் அம்மாவைக் கொடுத்திருக்கிறார்கள்.

அப்புறம் ஒன்று செய்தேன். மேலூர்ப் பக்கம் ஐயா கேட்ட கேள்வி மனதைக் குடைந்துகொண்டே இருந்தது. அந்த இரண்டு தெரு தள்ளிய வீட்டுக்குப் போனேன். இப்படி மனு போடப் போகிறோம், உங்களுக்குத் தெரியாமல் செய்யக் கூடாது என்று வந்தேன் என்றேன். அந்த அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. ‘அவன் வந்தா இந்தத் தெரு வழியா நடக்கக் கூடாது’ என்று மட்டும் சொன்னார். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இதை மனுவில் எழுதலாமா? அண்ணன் வெளியே வந்தால் அந்தத் தெரு வழியே வர மாட்டார் என்று நாங்களாகவே எழுதிக் கொடுத்தால் அது பலமா, பலவீனமா?

கறுப்பு அங்கி எழுதியது:

எழுதுங்கள் தம்பி. ஆனால் அந்த அம்மாவின் வாயில் வார்த்தையைப் போடாதீர்கள். அவர் சம்மதித்தார் என்று எழுத வேண்டாம், அவர் அப்படிச் சொல்லவில்லை. குடும்பமாக நீங்கள் தரும் உறுதி என்று மட்டும் எழுதி, சித்தியும் நீங்களும் கையெழுத்துப் போடுங்கள். தங்குவதற்கு வேறு ஊரில் உறவினர் வீடு இருந்தால் அந்த முகவரியையும் சேருங்கள்.

மேலூர்ப் பக்கம் எழுதியது:

நீங்கள் போய்க் கேட்டீர்கள். எங்கள் ஊரில் அப்படி யாரும் வந்ததில்லை. நன்றி தம்பி.

வைகைக்கரை எழுதியது:

திருமங்கலத்தில் தாய்மாமா வீடு இருக்கிறது. நாளைக்கே போய்ப் பேசிவிட்டு வந்து எழுதுகிறேன்.